விளம்பரத்தில் கேட்ட மொசார்ட்

ஓசூரில் உருவாகும் டைட்டன் கைக்கடிகாரத்தின் விளம்பர இசையை அறியாத இல்லம் நம்மிடையே அரிது. அது விளம்பரத்திற்கென அமைத்த மெட்டன்று. மொசார்ட்டின் 25-ஆம் சிம்பொனியின் முதற்பகுதியிலிருந்து எடுக்கப்பட்டது. 1773 அக்டோபரில், சால்ஸ்பர்க் நகரில், தம் 17-ஆம் வயதில் அவர் அதை எழுதி முடித்தார்.

பரிசையும் புன்னகையையும் நமக்கு நினைவூட்டும் அவ்விசையை முழுமையாகக் கேட்போர் திகைப்பர். தொடக்கத்தில் வயலின்கள் தாளத்தோடு இணங்க மறுத்துப் பதைபதைக்கின்றன. பின்னர் ஓபோ என்னும் குழற்கருவி, அதே சுரங்களை நீட்டி, தனித்து, மெல்ல இசைக்கிறது. துயரத்தை மறைக்காமல் அதையே சாந்தமாக்கும் இவ்விடமே படைப்பின் உயிர். விளம்பரத்தின் சில நொடிகளிலோ மகிழ்ச்சி மட்டுமே எஞ்சுகிறது. பெரிய வெள்ளியைக் கடவாத உயிர்ப்பு விழாவை நாம் ஏற்போமா?

பதைப்புக்கு இசை தந்த அவரே, 1791 ஜூனில், இறப்பதற்கு ஆறு மாதங்களுக்கு முன், பாடன் ஊர்ப் பாடகர் குழுத் தலைவருக்காக ‘ஆவே வேரும் கோர்ப்புஸ்’ என்னும் நற்கருணைப் பாடலை இயற்றினார். அடக்கமான, மண்டியிடும் இசை அது.

காலத்தை அளக்கும் கருவி பிறக்கும் மண்ணில், ஷிப்ட் நேரங்களுக்கிடையே வாழ்பவர்கள் நாம். இவ்விரண்டையும் கேட்க அரை மணி நேரம் போதும். துண்டாக அன்று, முழுமையாகக் கேட்போம்.