குறுவள மையம் யாருடைய மேடை?

ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் விடுப்பெடுத்தால் மற்றவர் தலையில் ஐந்து வகுப்பு. கடலூர் முதுநகரை ஒட்டிய மீனவக் குப்பமோ, சிதம்பரத்துக்குக் கிழக்கே கிள்ளைப் பக்கமோ, இப்படிப்பட்ட பள்ளியில் எழுத்துக்கூட்டத் திணறும் பிள்ளையைப் பற்றிக் கலந்து பேச ஆள் கிடைப்பதில்லை. பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்களைச் சனிக்கிழமையில் ஓரிடத்தில் கூட்டும் குறுவள மையம் அந்தத் தனிமைக்குச் சரியான மருந்து. பள்ளிகளைத் தொகுதியாக இணைக்கும் யோசனையைக் கோத்தாரி குழு (1964–66) அன்றே சொல்லியிருந்தது.

ஆனால் அந்தச் சனிக்கிழமையின் பெரும்பகுதி மேலிருந்து வரும் பயிற்சிக்கே போய்விடுகிறது. மாநிலக் கருத்தாளர் சொன்னதை மாவட்டக் கருத்தாளரும், அவர் சொன்னதை வட்டாரக் கருத்தாளரும் சொல்ல, வகுப்பறையின் கேள்வி வாய் திறக்காமலே வீடு திரும்புகிறது. ஒரே அறையில் அரும்பு, மொட்டு, மலர் என மூன்று கற்றல் நிலைப் பிள்ளைகளை வைத்து 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தை நடத்துபவருக்குக் கேட்க எவ்வளவோ இருக்கும்.

செயல்வழிக் கற்றலின் கதையும் இதுதான். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர்கள் ரிஷிவேலிப் பள்ளியின் முறையைப் பார்த்து வந்து, பாடத்தைச் சிறு படிகளாகப் பிரித்து, கூடி விவாதித்து அட்டைகளாக்கினார்கள். 2007–08இல் மாநிலம் முழுக்கப் பரவியபோது அட்டைகள் ஊர் ஊராகப் போயின. அவற்றை உருவாக்கிய விவாதத்தை அப்படி அனுப்ப முடியுமா?

மேலிருந்து வரும் பயிற்சியை வீண் என்று தள்ளமாட்டேன். கடைக்கோடிப் பள்ளிக்கும் ஒரே அடிப்படை போய்ச் சேர அது வேண்டும். ஆசிரியர்களிடமே கூட்டத்தை விட்டால் பேச்சு ஊதியத்துக்கும் இடமாறுதலுக்கும் நழுவக்கூடும். அதைவிடப் பெரிய தடை நம் தாட்சண்யம். மூத்த தலைமை ஆசிரியர் முன்னால், 'உங்கள் கழித்தல் பாடம் பிள்ளைகளுக்குப் பிடிபடவில்லை, சார்' என்று யார் சொல்வார்?

ஜப்பானியப் பள்ளிகள் இதற்கு வழி கண்டிருக்கின்றன. பலர் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுகிறார்கள். ஒருவர் நடத்த, மற்றவர்கள் பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று கவனிக்கிறார்கள். பாடம் எல்லாருடையதும் என்பதால் குறை ஒருவர் மேல் விழுவதில்லை.

தேசியக் கல்விக் கொள்கை 2020 ஆண்டுக்கு 50 மணி நேரப் பணித்திறன் மேம்பாடு கேட்கிறது. மணிக்கணக்கு மட்டும் போதாது. கூட்டத்தில் பாதியை ஆசிரியர்களின் கேள்விகளுக்கு ஒதுக்க வேண்டும். பிள்ளைகள் இருக்கும் நாளில் அடுத்த பள்ளிப் பாடத்தை ஆசிரியர்கள் பார்க்கவும் வேண்டும். ஈராசிரியர் பள்ளியிலிருந்து ஒருவர் அப்படிப் போகும் நாளில், வட்டார வள மையத்தின் ஆசிரியப் பயிற்றுநர் அவருடைய வகுப்பை எடுக்கட்டும்.