பிரட்டுக்களத்துக் கூரையில் ஒரு ரிசீவர்

கந்தப்பளைப் பக்கத்துக் கோயில் திருவிழாவை நேரலையில் பார்த்துக்கொண்டிருக்கும்போது படம் உறைந்து நின்றால், பழி உடனே பனிமூட்டத்தின் மேல்தான் விழும். "மூட்டம் எறங்கிருச்சு, இனி சிக்னல் வராது" என்று அடித்துச் சொல்வார்கள். பாவம் அந்த மூட்டம். கமெராவோடு கட்டிய டிரான்ஸ்மிட்டர்கள் பெரும்பாலும் 5 ஜிகாஹேர்ட்ஸ் பக்கத்தில் வேலைசெய்கின்றன. அந்த அலையிடமிருந்து அடர்ந்த மூட்டம் ஒரு கிலோமீற்றருக்குப் பிடுங்கிக்கொள்வது ஒரு டெசிபலில் நூற்றில் ஒரு பங்கு அளவுதான். பத்தடி தள்ளி நிற்கும் ஆளையே நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிற மூட்டம், அந்த அலைக்கு இருந்தும் இல்லாத ஒன்று. குற்றவாளிகள் வேறு: ஈரம் சொட்டும் சவுக்கு மரத்து இலை, தோளோடு தோள் இடித்து நிற்கும் சனம், சரியாகக் குந்தாத ஒரு கேபிள் முனை. இவற்றில் யார் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். தவில்காரருக்குப் பொன்னாடை போர்த்துகிறோம், தேர் சோடித்தவரைப் பெயர் சொல்லி மெச்சுகிறோம். இந்த ஆட்களைப் பற்றி யாரும் எழுதி நான் படித்ததில்லை.

மலையகத்துத் திருவிழாவைப் படம்பிடிப்பது சமதரைத் திருவிழாவைப் பிடிப்பது மாதிரியல்ல. இங்கே கோயில் மேட்டில், ஆறு பள்ளத்தில். கரகம் பாலிப்பது ஆற்றங்கரையில். அங்கிருந்து தப்பு முழங்க, தேயிலைக்கு நடுவே ஓடும் குறுக்குப் பாதையில் ஏறி, லயங்களைச் சுற்றி, காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தைத் தாண்டிக் கோயிலுக்கு வந்து சேர வேண்டும். விழாவின் உயிரே அந்த ஏற்றத்தில்தான் இருக்கிறது. வயரை இழுத்துக்கொண்டு இந்தப் பாதையில் கமெராக்காரர் நடக்க முடியாது. கவ்வாத்து வெட்டிய செடிகள் வயரைக் கவ்விக்கொள்ளும், பின்னால் வருபவர் கால் தடுக்கும். அதனால் முன்பெல்லாம் நேரலை என்றால் கோயில் வாசலில் முக்காலியில் நிறுத்திய ஒரே கமெராதான். ஆற்றிலிருந்து வாசல்வரை நடந்தது எதுவும் வெளியூர்க்காரருக்குத் தெரியாது. அந்த வெளியூர்க்காரர் கொஞ்சப்பேரா? கொழும்புக் கடைகளில் நிற்கும் பிள்ளைகள், வளைகுடாவில் வீட்டுவேலைக்குப் போன பெண்கள், 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலேறி இன்று கூடலூரிலும் கோத்தகிரியிலும் பேரப்பிள்ளைகளோடு இருக்கும் உறவுகள். அவர்களுக்குக் கோயில் வாசல் மட்டும் போதாது, ஆறும் வேண்டும்.

கமெராவின் வயரை அறுத்துவிடும் ஆசை பழையது. 1952இல் சிக்காகோவில் நடந்த அமெரிக்கக் கட்சி மாநாடுகளிலேயே முதுகில் பெட்டியைச் சுமந்துகொண்டு கையடக்கக் கமெராவோடு கூட்டத்துக்குள் புகுந்தார்கள். நமக்கு ஒளிபரப்பு அலை என்றால் முதலில் நினைவுக்கு வருவது கந்தப்பளைக்கு மேற்கே நிற்கும் பீதுருதலாகலை மலைதான். 2,524 மீற்றர், நாட்டின் ஆக உயர்ந்த சிகரம். 1982 பெப்ரவரி 15இல் ரூபவாஹினி தொடங்கியபோது அதன் அலை இந்த உச்சியிலிருந்துதான் இறங்கியது. அதற்குப் பிறகு லயத்துக் கூரைகளில் ஒருவர் ஏறி அன்டெனாக் குழாயைத் திருப்ப, உள்ளேயிருந்து இன்னொருவர் "தெரியுது, தெரியுது... ஐயோ போயிருச்சு" என்று கத்திய காலத்தை நாற்பது வயது தாண்டியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இன்றைய கம்பியில்லாக் கமெரா வேலையும் அடியில் அதே வேலைதான். ஒரு வித்தியாசம், அன்று அனுப்பும் முனை மலையுச்சியில் அசையாமல் நின்றது. இன்று அது கரகத்துக்குப் பின்னால் ஓடுகிறது.

நான் ரசிக்கும் முதல் நுட்பம் குச்சி அன்டெனாவின் சாய்வு. டிரான்ஸ்மிட்டரில் கொம்பு மாதிரி நிற்கும் அந்தக் குச்சி எல்லாத் திசையிலும் ஒரே அளவாக அலையை வீசுவதில்லை. அது வீசும் அலையின் உருவம் உளுந்து வடை. குச்சி வடையின் ஓட்டை வழியாக நிற்கிறது. பக்கவாட்டில் மாவு, நேர் மேலேயும் கீழேயும் ஓட்டை. சமதரையில் இது பெரிய விஷயமில்லை. ஆற்றுப் பள்ளத்தில் கமெராவும் அண்ணாந்து பார்க்கவேண்டிய மேட்டில் ரிசீவரும் இருந்தால், ரிசீவர் அந்த ஓட்டைக்குப் பக்கத்தில் அகப்பட்டுக்கொள்கிறது. தூரம் நூறு மீற்றர்கூட இராது, படம் மட்டும் வராது. பழகாதவர் சக்தியைக் கூட்டுவார், சேனலை மாற்றுவார், கடைசியில் மூட்டத்தைத் திட்டுவார். பழகியவர் இரண்டு முனையிலும் குச்சிகளைச் சரிவுக்கு ஏற்றபடி ஒரே அளவில் சாய்ப்பார், அவ்வளவுதான். ஒன்றை நிமிர்த்தி மற்றதைப் படுக்கவைத்தால் வந்துசேர வேண்டிய சக்தியில் நூற்றில் ஒரு பங்குதான் மிஞ்சும் என்பதும் அவருக்குத் தெரியும். கமெராக்காரர் குனிந்து தரைமட்டத்தில் காட்சி எடுக்கப்போகும் இடத்தைக்கூட முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொள்வார்.

இரண்டாவது, ரிசீவருக்கு இடம் பார்ப்பது. இந்தக் கலையின் முக்கால்வாசி இதுதான் என்பது என் கட்சி. பலர் ரிசீவரை மிக்ஸர் மேசையிலேயே வைத்துவிடுகிறார்கள், வயர் குட்டையாகப் போதும் என்பதற்காக. மேசை கோயில் மண்டபத்துக்குள், சுற்றிலும் ஆட்கள். ஒரு மனித உடம்பு குறுக்கே வந்தாலே 10 டெசிபல், அதாவது பத்தில் ஒன்பது பங்கு, போய்விடக்கூடும். காலையில் ஆளில்லாத முற்றத்தில் ஒத்திகை பார்த்தபோது கண்ணாடி மாதிரித் தெரிந்த படம், சனம் நிறைந்ததும் காணாமல் போவது இதனால்தான். கண்ணுக்குக் கமெரா தெரிந்தால் போதும் என்றும் நினைக்கக்கூடாது. அலை நூல் பிடித்த மாதிரிப் போவதில்லை. நடுவில் புடைத்துக்கொண்டு போகிறது. 5.8 ஜிகாஹேர்ட்ஸில் 300 மீற்றர் தூரத்துக்கு அந்தப் புடைப்பின் அரைவிட்டம் நடுவில் ஏறத்தாழ 2 மீற்றர். அதன் பெரும்பகுதிக்குள் தலையோ கொடிச்சீலையோ வாழைமரத் தோரணமோ வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே உயரம் வேண்டும். தோட்டத்தில் அதற்கு வாய்ப்பான இடங்கள் பிரட்டுக்களத்துக் கூரை, கொழுந்து மடுவத்தின் முகடு, இரண்டும் இல்லாவிட்டால் மேட்டு லயத்துத் தொங்கல் வீட்டு இஸ்தோப்பு. அங்கே ரிசீவரை ஏற்றிவிட்டு, அங்கிருந்து மிக்ஸருக்கு நீண்ட எஸ்டிஐ கேபிளை இழுப்பவரைப் பார்த்தால் எனக்கு மனது நிறையும். கம்பியில்லாக் கருவிக்காக நூறு மீற்றர் கம்பி இழுக்கிறாரே என்று சிரிப்பவர்களுக்கு விஷயம் தெரியாது. அசைகிற முனைக்கு வயர் வேண்டாம். அசையாத முனைக்கு எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கலாம்.

சக்தியைக் கூட்டுவது பற்றி ஒரு வார்த்தை. தூரம் இரண்டு மடங்கானால் வந்துசேரும் சக்தி கால்வாசியாகிறது. அப்படியானால் எட்டும் தூரத்தை இரட்டிக்க நான்கு மடங்கு சக்தி வேண்டும். அதே பலனை ஒரு ஏணியும் ஒரு தட்டை அன்டெனாவும் தந்துவிடும். பெட்டியின் மேல் அச்சடித்த தூரத்தைச் சொல்லிக் கருவி விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

பழைய அனலொக் படம் சாகும்போது சொல்லிவிட்டுச் செத்தது. முதலில் புள்ளி விழும், பிறகு கோடு, பிறகு இரைச்சல். திருத்துவதற்கு நேரம் இருந்தது. டிஜிட்டல் படம் கடைசி நொடிவரை பளிச்சென்று இருந்துவிட்டு ஒரேயடியாகப் போய்விடும். அதனால் தேர்ந்தவர் திரையைப் பார்த்துத் திருப்திப்படுவதில்லை. சிக்னல் அளவைப் பார்க்கிறார். படம் அழகாக வந்துகொண்டிருக்கும்போதே "கையில மிச்சம் இல்ல" என்று முகம் சுளித்து ரிசீவரை இரண்டடி நகர்த்துகிறார். வேடிக்கை பார்ப்பவருக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். தேர் அந்த வளைவில் திரும்பும்போதுதான் அந்த இரண்டடியின் அருமை தெரியும்.

அமைப்புகளைச் சரிசெய்வதில் எனக்குப் பிடித்தது ஒலி-ஒளிப் பொருத்தம். டெராடெக் போல்ட் போன்ற விலைகூடிய கருவியில் தாமதம் ஒரு மில்லி விநாடிக்கும் குறைவு. ஹொலிலேண்ட் மார்ஸ் போன்ற, நம்மவர்கள் வாங்கக்கூடிய கருவிகளில் படத்தைச் சுருக்கி அனுப்புவதால் 80 மில்லி விநாடி அளவுக்குப் பிந்தலாம். விநாடிக்கு 25 படம் என்ற கணக்கில் அது இரண்டு படம். பெரிதாகத் தெரியாது, தப்பு அடிக்காத வரைக்கும்! தப்பின் குச்சி தோலில் படுவதற்கு முன்பே சத்தம் கேட்டுவிடும். இடியிலும் வேட்டிலும் ஒளி முந்தி ஒலி பிந்திப் பழகிய நம் மூளை இதை ஏற்பதில்லை. ஒலி படத்தை 40 மில்லி விநாடிக்கு மேல் முந்தக்கூடாது, 60க்கு மேல் பிந்தக்கூடாது என்பது ஐரோப்பிய ஒளிபரப்பாளர் ஒன்றியத்தின் அளவுகோல். முந்துவதற்குக் கெடு குறைவாக இருப்பதைக் கவனியுங்கள். மிக்ஸரில் ஒலியை 80 மில்லி விநாடி பிடித்துவைத்தால் இது சரியாகிவிடும். ஆனால் வாசலில் வயரோடு நிற்கும் கமெராவையும் அதே அளவு பிந்தவைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு கமெராவிலிருந்து அடுத்ததற்கு மாறும்போது ஒரே அடி இரண்டுமுறை விழும். இதைச் செய்யாமல் விட்டால் யாரும் முறைப்பாடு சொல்லமாட்டார்கள்; ஏதோ ஒட்டவில்லை என்று மட்டும் உணர்வார்கள். செய்தவரின் பெருமையும் அப்படியே யாருக்கும் தெரியாமல் போகும்.

இன்னொரு சின்ன விஷயம். நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். வெளிநாட்டிலிருந்து வந்த கமெராவை விநாடிக்கு 60 படம் என்ற அமைப்பிலேயே விட்டுவிட்டால் கோயில் டியூப் லைட்டெல்லாம் படத்தில் துடிக்கும். அதையும் சிக்னல் கோளாறு என்றுதான் நினைப்பார்கள். 50க்கு மாற்றி ஷட்டரை ஐம்பதில் ஒன்றாக வைத்தால் துடிப்பு நிற்கும். கமெரா 4கே அனுப்ப, டிரான்ஸ்மிட்டர் 1080 மட்டுமே ஏற்கும் என்றால் திரை கறுப்பாகவே இருக்கும். காற்றில் ஒரு குறையும் இராது. சேனலைத் தானாகத் தேர்வுசெய்யும்படி விடுவதும் ஆபத்து. 5 ஜிகாஹேர்ட்ஸின் நடுப்பகுதி ரேடார்களோடு பகிர்ந்துகொள்வது. அங்கே போகும் கருவி 60 விநாடி காதுகொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் பேச வேண்டும், ரேடார் சாயல் தெரிந்தால் உடனே விலக வேண்டும். கரகம் கோயில் படியேறும் 60 விநாடியை யார் திருப்பித் தருவது? ஆகவே சேனலைக் கையால் தேர்ந்து பூட்டிவைப்பதே முறை.

கோளாறு தேடும் விதத்தில்தான் ஆளின் தரம் தெரிகிறது. இந்தப் பக்கத்துத் தம்பி ஒருவர், படம் வராமல் எல்லோரும் ஆளுக்கொரு பட்டனை அமுக்கிக்கொண்டிருந்தபோது, "அண்ணே, மொதல்ல காத்த ஒதுக்கிப் பாப்போம்" என்றார். டிரான்ஸ்மிட்டரையும் ரிசீவரையும் கழற்றிவிட்டுக் கமெராவிலிருந்து டிரான்ஸ்மிட்டருக்குப் போன அதே கேபிளை நேரே திரையில் மாட்டினார். அப்போதும் படம் இல்லை. காற்று விடுதலை. பிறகு கேபிளை மாற்றினார், படம் வந்துவிட்டது. மைக்ரோ எச்டிஎம்ஐ முனை, அசைந்து அசைந்து தளர்ந்திருந்தது. சங்கிலியை நடுவில் வெட்டி எந்தப் பாதியில் நோய் என்று பார்ப்பது, ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுவது. இவ்வளவுதான் வைத்தியம். பத்துப்பேர் சுற்றி நின்று கத்தும்போது இதைப் பதற்றமில்லாமல் செய்வதுதான் கடினம். அதே தம்பி இரண்டு கருவிகளையும் மேசையில் ஒட்டிவைத்துச் சோதிப்பவர்களையும் கண்டிப்பார். மிக அருகில் வைத்தால் ரிசீவருக்குக் காது அடைத்துவிடும், நல்ல கருவியைக் கெட்டது என்று ஒதுக்கிவிடுவோம்.

குளிர் தனிக்கதை. மாசி மாதத்துக் காமன் கூத்து விடியவிடிய நடக்கும். காமன் எரியும் காட்சிவரை பெட்டரி தாக்குப்பிடிக்க வேண்டும். லிதியம் பெட்டரி குளிரில் தன் கொள்ளளவை முழுதாகத் தராது. மாற்று பெட்டரிகளைப் பையில் போடாமல் சுவெட்டருக்குள் உடம்புச் சூட்டில் வைத்திருப்பவர் தேர்ந்தவர். மழைக்குப் பயந்து டிரான்ஸ்மிட்டரைப் பொலித்தீனால் இறுகச் சுற்றுபவர் தேராதவர். கருவி தன் சூட்டிலேயே வெந்து அணைந்துவிடும். மேலே மட்டும் குடை, காற்றாடிக்கு வழி விட வேண்டும்.

பெரிய நிறுவனங்கள் 2 ஜிகாஹேர்ட்ஸ் பக்கத்தில் கொண்டுவரும் சிஓஎஃப்டிஎம் கருவிகள் வேறு ரகம். படத்தை ஆயிரக்கணக்கான சிறு அலைகளில் பிரித்து அனுப்புவதால், தகரக் கூரையிலும் எதிர்மலையிலும் பட்டுத் திரும்பும் எதிரொலி அவற்றைக் குழப்புவதில்லை. சில வேளை உதவியும் செய்கிறது. மலைக்கென்றே பிறந்த முறை என்று சொல்லத் தோன்றும். ஆனால் அந்த அலைவரிசைக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும், விலையும் தோட்டத்துக் கோயிலுக்கு எட்டாது. இருக்கிற சின்னக் கருவியை வைத்துக்கொண்டு மலையை வெல்பவர்களே என் மதிப்பில் உயர்ந்தவர்கள்.

ஆலயத் திருவிழாக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். நேரலைக்கு ஆள் பேசும்போது எத்தனை கமெரா, ட்ரோன் உண்டா என்று மட்டும் விலைபேசாதீர்கள். ரிசீவர் பக்கத்தில் நிற்க ஒரு தனி ஆளுக்குச் சம்பளம் ஒதுக்குங்கள். பிரட்டுக்களத்துக் கூரையில் ஏறத் தோட்டத்து நிர்வாகத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொடுங்கள். முதல்நாள் மாலை ஆற்றங்கரையிலிருந்து கோயில்வரை கமெராவோடு ஒருமுறை நடந்து பார்க்க அவர்களுக்கு நேரமும், ஒரு ஏணியும் கொடுங்கள்.