கல்வெட்டில் இல்லாத பூண்டு

திருமுக்கூடலுக்குப் போகிறவர்கள் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடத்தைப் பார்த்து, அப்பன் வேங்கடேசப் பெருமாளைச் சேவித்துத் திரும்பிவிடுகிறார்கள். காலில் மிதிபடும் செடிகளுக்காக இன்னும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கையில் ஒரு சின்ன லென்ஸ் போதும்.

முதலில் கோயில் சுவர். வீரராஜேந்திர சோழன் காலத்து, 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு இங்கே இருக்கிறது. 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை என்னும் மருத்துவமனை, வைத்தியர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவரும் ஆட்கள், இருப்பில் இருக்கவேண்டிய மருந்துகள் எல்லாம் அதில் உண்டு. மருந்துப் பெயர்களில் கடுக்காயும் ஆமணக்கும் வில்வமும் வெள்ளைப்பூண்டும் வருகின்றன. அந்தப் பட்டியலோடு கரைக்கு இறங்குங்கள்.

கருவேலமா, சீமைக்கருவேலமா? முள்ளைப் பார்த்தால் குழம்பும், பூவைப் பாருங்கள். நம் கருவேலம் மஞ்சள் உருண்டையாகப் பூக்கும். சீமைக்கருவேலத்தில் பூ நீளக் கதிராகத் தொங்கும். கருவேலங்காய் மணிமாலைபோல் விதைக்கு விதை இடுங்கியிருக்கும். சீமைக்கருவேலத்தின் பூர்வீகம் மெக்சிகோ தொடங்கித் தென் அமெரிக்காவின் வடபகுதி வரை. இனிப்பான காயை ஆடு மாடு தின்னும். விதை செரிக்காமல் சாணத்தோடும் புழுக்கையோடும் விழுந்து முளைக்கும். அது பரவிய ரகசியம் அதுதான்.

பிரமதண்டு. தை, மாசியில் வறண்ட மணலில் மஞ்சளாகச் சிரிக்கும். முள் விளிம்பு இலையில் நரம்புகள் வெள்ளைக் கோடுகளாகத் தெரியும். காம்பு ஒடிந்தால் மஞ்சள் பால் கசியும். விதை கடுகைப்போல இருக்கும். கடுகெண்ணெயில் இதன் எண்ணெய் கலந்து 1998இல் டெல்லியில் பலர் உயிரிழந்தார்கள். பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 1753இல் லின்னேயஸ் வைத்த பெயரே சொந்த ஊரைச் சொல்லிவிடும்: ஆர்ஜிமோன் மெக்சிகானா.

வெட்டுக்காயப் பூண்டு. இதற்குக் குனியவேண்டும், லென்ஸும் வேண்டும். ஒரு பூ என்று நினைப்பது பல பூக்களின் கூட்டம். நடுவில் மஞ்சள் குழல்கள், ஓரத்தில் வெளிறிய இதழ்கள். ஒவ்வோர் இதழ் நுனியிலும் மூன்று பல். இதன் தாவரவியல் பெயர் டிரைடாக்ஸ். வெயில் ஏறியதும் அசையாமல் உட்காருங்கள். சின்னஞ்சிறு நீல வண்ணத்துப்பூச்சிகள் தேனுக்கு வரும்.

இதுவும் அமெரிக்க மண்ணின் செடி. கொலம்பஸ் கடல் தாண்டியது 1492இல். ஆகவே ஆதுலர் சாலைக்கு மூலிகை பறித்தவர் இதைக் கண்டிருக்க வழியில்லை. ஆனால் இன்று அரிவாள் பட்ட விரலுக்கு இதைக் கசக்கிப் பிழியாத கிராமம் உண்டா? பெயரில்லாமல் வந்த செடிக்கு, வைத்தியத்தைக் கண்டுபிடித்து அதையே பெயராகவும் வைத்துவிட்டார்கள் நம் மக்கள். கல்வெட்டுப் பட்டியலின் அடுத்த வரி, சுவருக்கு வெளியே புல்லோடு புல்லாக முளைத்திருக்கிறது.