கைப்பேசியின் வாயிற்காவல்: பாதுகாப்பா, ஏகபோகமா?

“சார், கடை அவர்களுடையது, அதில் அவர்கள் வைத்ததே சட்டம். இதில் அரசும் நீதிமன்றமும் ஏன் தலையிட வேண்டும்?” ஆப்பிள் நிறுவனத்தின் செயலிக் கடையைப் பற்றிப் பேச்சு வந்தபோது என் மாணவர் ஒருவர் இவ்வாறு கேட்டார். கேள்வி நியாயமானதே. ஆனால் விடை கூறுமுன், அந்தக் கடை எத்தகையது என்று பார்க்க வேண்டும்.

தெருமுனைக் கடையில் விலை கூடினால் அடுத்த தெருவுக்குப் போகலாம். ஐபோன் வைத்திருப்பவருக்கு, இந்தியா உட்படப் பெரும்பாலான நாடுகளில், அடுத்த தெருவே கிடையாது. 2008ஆம் ஆண்டு சுமார் 500 செயலிகளுடன் திறக்கப்பட்ட ஆப் ஸ்டோர் ஒன்றே வழி. விளையாட்டுக் கட்டணம் போன்ற எண்முறைப் பொருளைச் செயலிக்குள் விற்றால், பணம் ஆப்பிளின் கல்லா வழியாகவே செல்ல வேண்டும். 100 ரூபாய்க்கு 30 ரூபாய் அதன் பங்கு. இது நெடுங்காலம் நிலவிய விதி. 2021 முதல், ஆண்டு வருவாய் 10 லட்சம் டாலரைத் தாண்டாத சிறியவர்களுக்கு இது 15 ரூபாயாகக் குறைந்தது. “வெளியே இதே பொருள் மலிவாகக் கிடைக்கும்” என்று செயலிக்குள் வழிகாட்டவும் தடை இருந்தது.

பூட்டு வேறு, சுங்கம் வேறு

நிறுவனம் கூறும் காரணம் பாதுகாப்பு. அதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஒவ்வொரு செயலியும் மின்கையொப்பம் பெற்றிருக்க வேண்டும். நிரலில் ஓர் எழுத்து மாறினாலும் கையொப்பம் பொருந்தாது. கைப்பேசி அதை இயக்க மறுத்துவிடும். இயங்கும் செயலியும் தனக்கு ஒதுக்கிய அறைக்குள்தான் இயங்கும். அனுமதியின்றி அடுத்த அறையைத் தொட முடியாது. எங்கிருந்தும் மென்பொருளை ஏற்றிக்கொள்ள இடம் தரும் மேக் கணினிகளில் தீய நிரல்களின் அளவு ஏற்கத்தக்கதாக இல்லை என்று ஆப்பிளின் மென்பொருள் பிரிவுத் தலைவர் கிரெய்க் ஃபெடரிகியே 2021இல் நீதிமன்றத்தில் கூறினார். ஆகவே பூட்டு வேண்டும் என்பதில் ஐயமில்லை.

ஆனால் சுங்கமும் பாதுகாப்புக்காகத்தானா? ஆய்வுக்கூடத்தில் ஒரு காரணத்தைச் சோதிக்க, மற்றவற்றை அப்படியே வைத்து, ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கிறோம். அத்தகைய சோதனை இங்கே தயாராகவே இருக்கிறது. அதே ஐபோனில், அதே கையொப்பத்துடன், வாடகைக் காரை அழைக்கும் செயலியும் இயங்குகிறது. அதில் செலுத்தும் கட்டணம் ஆப்பிளின் கல்லாவுக்குப் போவதில்லை. 30 விழுக்காடும் இல்லை. ஏனெனில் விற்கப்படுவது எண்முறைப் பொருள் அன்று. கார் வாடகை பத்திரமாகச் சென்று சேருமானால், விளையாட்டுக் கட்டணம் மட்டும் ஏன் சேராது?

தொலைபேசி தந்த பாடம்

இத்தகைய வாதம் புதிதன்று. அமெரிக்கத் தொலைபேசித் தொடரமைப்பின் பெரும்பகுதியை ஆண்ட ஏ.டி. அண்ட் டி. நிறுவனம், பிறர் செய்த கருவிகளைத் தன் தொலைபேசியுடன் இணைக்கக் கூடாது என்று விதித்திருந்தது. இணைத்தால் தொடரமைப்பு கெடும் என்றது. பின்னர் கார்ட்டர்போன் என்ற கருவி வந்தது. அது இருவழி வானொலியையும் தொலைபேசியையும் சேர்த்து வைத்தது. ஆனால் இரண்டுக்கும் இடையே மின்னிணைப்பே இல்லை. தொலைபேசியின் கைப்பிடியைத் தாங்கியில் வைத்தால், பேச்சு ஒலியலையாகவே கடந்து செல்லும். ஒலி மட்டும் புகும் இடத்தில் கம்பிக்கு என்ன கேடு? 1968இல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் அத்தடையைச் செல்லாததாக்கியது. கேடு நேராதிருக்க, இணைக்கும் கருவிகளுக்கான தரவிதிகள் 1970களில் வகுக்கப்பட்டன. தொடரமைப்பு கெடவில்லை, தொலைநகலும் மோடமும் வீடு தேடி வந்தன.

நீதிமன்றம் கண்டது

2020 ஆகஸ்டில் எபிக் கேம்ஸ் நிறுவனம் தன் ஃபோர்ட்நைட் விளையாட்டில் சொந்தக் கல்லாவைத் திறந்தது. ஆப்பிள் அந்த விளையாட்டைக் கடையிலிருந்து நீக்கியது; எபிக் வழக்குத் தொடர்ந்தது. 2021 செப்டம்பர் தீர்ப்பில் ஏகபோகக் குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்படவில்லை. ஆனால் வெளிக்கல்லாவுக்கு வழிகாட்டுவதைத் தடுத்தது கலிபோர்னியாவின் சட்டப்படி தவறு என்று முடிவாயிற்று. 2024 ஜனவரியில் ஆப்பிள் வழிகாட்ட இசைந்தது. ஆனால் வெளியே நடக்கும் விற்பனையிலும் 27 விழுக்காடு கேட்டது! பண அட்டைக்காரரின் பங்கையும் கூட்டினால் விற்பவருக்கு மிச்சம் ஏது? 2025 ஏப்ரலில், ஆணை வேண்டுமென்றே மீறப்பட்டது என்று நீதிபதி கண்டார். அதே மாதம், இதே வழிகாட்டல் தடைக்காக ஐரோப்பிய ஆணையம் ஆப்பிளுக்கு 50 கோடி யூரோ அபராதம் விதித்தது.

இந்தப் பூசல் ஆப்பிளோடு நிற்கவில்லை. கூகுளின் பிளே கடைக் கட்டண விதிகளுக்காக இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் 936 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2025 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை 216 கோடியாகக் குறைத்தது.

எதற்கு வரம்பு?

எபிக் நிறுவனமும் அறச்சாலை நடத்தவில்லை, அதுவும் வணிகமே. கடையைக் கட்டியவருக்கு ஊதியம் வேண்டும் என்பதும் உண்மை. சோதனைக்கும் கையொப்பத்துக்கும் உழைப்புக்கேற்ற கட்டணம் வாங்கட்டும். தீய நிரலைத் தடுக்கும் பூட்டை எந்தச் சட்டமும் உடைக்க வேண்டாம். ஆனால் தன் கல்லாவையே கட்டாயமாக்குவதையும், மலிவான விலையைச் சொல்லவிடாமல் வாயடைப்பதையும் சட்டம் தடுக்க வேண்டும். “பாதுகாப்புக்காக” என்று சொல்பவர், அதை மெய்ப்பிக்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டும். அறிவியலில் எவர் சொல்லும் சோதனைக்கு உட்பட்டதே; வணிகத்துக்கு மட்டும் விலக்கு ஏன்?

மாணவருக்கு நான் கூறிய விடை இதுதான்: “கடை அவர்களுடையது, தம்பி, ஆனால் கைப்பேசி நீ விலை கொடுத்து வாங்கியது. நாளை நீயே ஒரு செயலி எழுதினால், உன் விலையை உன் வாயால் சொல்ல இன்னொருவரிடம் அனுமதி கேட்டு நிற்பாயா?”