ஸ்பீக்கர் போன வேனில் ஜானு

போளூரைத் தாண்டி ஜவ்வாது மலை ஏறத் தொடங்கியதுமே வேன் டிவியின் ஸ்பீக்கர் கரகரத்து அடங்கிவிட்டது. ஓடிக்கொண்டிருந்தது ‘96’. கிளீனர் பையன் இரண்டு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு, “படம் தெரியுதுல்ல சார், பாருங்க” என்று உட்கார்ந்துவிட்டான். ஜமுனாமரத்தூர் வரைக்கும் ஊமைப் படம்தான்.

எனக்கு அதில் ஒரு லாபம். த்ரிஷாவின் நடிப்பை அளக்கப் போனால் முதலில் குறுக்கே நிற்பது குரல். அவர் நடித்த ஜானுவுக்குப் பேசியதும் பாடியதும் சின்மயி. கிடைத்த கைதட்டலில் யாருக்கு எத்தனை பங்கு என்ற கணக்கு படம் வந்த 2018-லிருந்து எனக்கு இடித்துக்கொண்டே இருந்தது. சத்தத்தைக் கழித்துவிட்டால் மிச்சம் முழுக்க த்ரிஷாதான்.

1999-ல் அவர் மிஸ் சென்னை. அதே வருஷம் ‘ஜோடி’யில் சிம்ரனின் தோழியாகத் தலைகாட்டினார். நாயகியாக முதலில் ஒப்பந்தமான ‘லேசா லேசா’ தாமதமாக, 2002-ல் ‘மௌனம் பேசியதே’ முந்திக்கொண்டது. மாடலிங் கற்றுத் தருவது ஒரு நொடிக்கான வித்தை: தாடையை எவ்வளவு திருப்புவது, லைட் எங்கே, கையை என்ன செய்வது. சினிமாவுக்கு அந்த நொடியின் முன்னும் பின்னும் வேண்டும். ஆரம்பப் படங்களில் தன் வசனம் முடிந்ததும் த்ரிஷா அழகாக நின்றுவிடுவார். எதிராளி பேசி முடிக்கும்வரை முகம் போட்டோவுக்குக் காத்திருக்கும். ‘கில்லி’ தனலட்சுமிக்குக்கூடப் பயம் கண்ணில் இருந்தது, தோளுக்கு இறங்கவில்லை. ரசிகர்கள் சண்டைக்கு வந்தாலும் என் கணிப்பு இதுதான்.

அழகாக நின்றுவிடும் அந்தப் பழக்கம் வீண் என்றும் சொல்ல மாட்டேன். ‘பொன்னியின் செல்வ’னில் த்ரிஷாவின் குந்தவையும் நந்தினியும் நேருக்கு நேர் நிற்கும்போது, அது அப்படியே கைகொடுத்தது. எதிரே நந்தினியாக நின்றவர் 1994-ன் உலக அழகி. ‘இருவ’ரில் அதே இயக்குநர் மணிரத்னத்திடமே நடிப்பைத் தொடங்கியவர். அசையாமல் நிற்பதுதான் அங்கே ஆட்டம்.

‘96’ வேறு மைதானம். பெரும்பாலும் ஒரே மஞ்சள் குர்தா, ஜீன்ஸ். உடுப்பை மாற்றி மாற்றி ஒப்பேற்ற வழியில்லை. விமான நிலையத்துக்குப் போகும் காரில், கியர் மேல் இருக்கும் பழைய காதலன் ராமின் கைமேல் தன் கையை வைக்கிறாரே, அப்போது எங்கள் வேனும் கொண்டை ஊசி வளைவில் கியரை இறக்கி முனகிக்கொண்டிருந்தது. பிடிக்கிற கை இல்லை அது. எடுக்க மனசு வராத கை. கேமரா எங்கே இருக்கிறது என்பதை அந்த உடம்பு மறந்துபோயிருந்தது. பத்தொன்பது வருஷம் பிடித்திருக்கிறது அதற்கு.

நடுவழியில் சாமை மூட்டையோடு ஏறி, பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த பெரியம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் என் முழங்கையைத் தட்டினார்.

“ஏம்பா, இதுங்க ரெண்டும் சேராதா?”