வழி சொன்னவர் எங்கே?
(தளவானூரை முன்வைத்துப் பயண எழுத்து பற்றிச் சில குறிப்புகள்)

தமிழில் பயணக் கட்டுரை என்று எழுதப்படுபவற்றில் பெரும்பாலானவற்றை இரண்டு சொற்களைக் கொண்டே அடையாளம் கண்டுவிடலாம். ஒன்று, 'யாரும் அறியாத'. மற்றொன்று, 'ஆளரவமற்ற'. பேருந்தில் போய் இறங்கி, தோளில் பையோடு வெயிலில் நடந்து, ஒரு குன்றின் அடியில் போய் நிற்கிற எழுத்தாளருக்கு அந்த இடம் ஆயிரத்து நானூறு வருஷமாகத் தனக்காகவே காத்துக் கிடந்ததுபோல் தோன்றிவிடுகிறது. யாரும் அறியாத என்றால் யார் அறியாத? அந்தக் குன்றில் தினமும் ஆடு மேய்க்கிறவர் அந்த 'யாரும்' என்பதற்குள் வரவே மாட்டார். இதைச் சும்மா ஒரு எழுத்துப் பழக்கம் என்று விட்டுவிட என்னால் முடியவில்லை. யாருடைய பார்வை அறிவாகவும், யாருடைய இருப்பு நிலக்காட்சியாகவும் ஆகிறது என்கிற கேள்வி இதற்குள் இருக்கிறது.

இந்தப் பார்வைக்குப் பெரிய முன்மாதிரி ஆந்தீஸ் மலையில் இருக்கிறது. மச்சு பிச்சுவை 1911 ஜூலை 24இல் ஹைரம் பிங்கம் 'கண்டுபிடித்தார்' என்று உலகம் படித்தது. அவரை மலைமேல் கூட்டிப் போனவர் மெல்சோர் ஆர்த்தியாகா என்கிற உள்ளூர் விவசாயி. மேலே போய்ப் பார்த்தால், இன்கா காலத்துப் படிநிலங்களில் பயிர் வைத்துக்கொண்டு குடும்பங்கள் குடியிருந்தன. இடிபாடுகளைச் சுற்றிக் காட்டியவன் அந்த வீட்டுப் பையன். 1902ஆம் ஆண்டிட்டு அகுஸ்தின் லிசாராகா என்று ஒருவர் தன் பெயரைச் சுவரில் எழுதி வைத்திருந்ததைப் பிங்கமே பார்த்தார். ஆனாலும் கண்டுபிடித்தவர் பிங்கம். இன்று பெருவிலும் பொலிவியாவிலும் பேருந்து மாறி மாறிப் போய், மலையில் நடந்து, முதுகுப்பையோடு திரும்புகிற இளைஞர்களின் எழுத்தில் இந்தக் கதையாடல்தான் சிறிய அளவில் திரும்பத் திரும்ப நிகழ்கிறது. இன்கா பாதையில் கூடாரத்தையும் அடுப்பையும் சுமந்து முன்னால் ஏறுகிற கெச்சுவா மனிதர்கள் அந்த எழுத்தில் புன்னகைகளாக மட்டும் வருவார்கள். சுமைதூக்குவோருக்கென்று 2001இல் பெரு அரசு தனிச் சட்டம் போட்டு, ஒரு ஆள் சுமக்கும் எடைக்கு 20 கிலோ என்று வரம்பு வைக்க வேண்டியிருந்தது. புன்னகைக்கு எடை வரம்பு தேவைப்படாது, முதுகுக்குத்தான் தேவைப்படும்.

இதைச் சொல்ல ஆந்தீஸ் வரை போக வேண்டியதில்லை. செஞ்சி வட்டாரத்துத் தளவானூர் போதும். விழுப்புரம் மாவட்டத்தில் தளவானூர் இரண்டு. ஒன்று தென்பெண்ணைக் கரையில் இருப்பது. 2021இல் அதன் தடுப்பணை உடைந்ததால் செய்தியில் அடிபட்டது. மற்றது, முதலாம் மகேந்திரவர்மனின் குடைவரை இருக்கிற, செஞ்சிப் பக்கத்துத் தளவானூர். வரைபடத்தை மட்டும் நம்பிப் போகிறவர் கோயிலைத் தேடி அணைக்குப் போய்ச் சேரலாம். 'எந்தத் தளவானூருங்க?' என்று திருப்பிக் கேட்கிற ஒருவர் தேவைப்படுகிறார். அந்தக் கேள்வி ஒரு அறிவு. கட்டுரையில் அது வருவதில்லை.

தளவானூர்க் குன்றுக்குப் பெயர்கள் பல. கோயிலுக்குச் சத்துருமல்லேசுவரம் என்று பெயர். சத்துருமல்லன் மகேந்திரவர்மனின் விருதுப் பெயர். அங்குள்ள தமிழ் வெண்பாக் கல்வெட்டு, வெண்பேடு என்கிற ஊருக்குத் தெற்கே அரசன் இந்தச் சிவன் கோயிலைக் 'கண்டான்' என்கிறது. கண்டான் என்றால் அங்கே உண்டாக்கினான் என்று பொருள். காண்பதும் உண்டாக்குவதும் ஒரே வினையில் அடங்கிவிடுகிற வசதி அரசனுக்கு மட்டுமே உண்டு. பாடிய செல்லன் சிவதாசன் பெயரும் கல்லில் இருக்கிறது. பாறையைக் குடைந்தவர்களின் பெயர் இல்லை. பக்கத்து மண்டகப்பட்டிலும் இதே கதைதான்: செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் கோயில் செய்வித்ததாக அரசன் வடமொழியில் பெருமைப்படுகிறான். எவை இல்லை என்று இத்தனை பட்டியல் போட்டவன், யார் இருந்தார்கள் என்று சொல்லவில்லை.

ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் பெயர் வேறு: பஞ்சபாண்டவர் மலை. தமிழ்நாட்டில் குகையும் கற்படுக்கையும் உள்ள பல குன்றுகளுக்கு இந்தப் பெயர் உண்டு. வரலாற்று ஆய்வாளர்கள் இதை மக்களின் அறியாமை என்று ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இது திரௌபதியம்மன் வழிபாட்டின் நிலம். செஞ்சியை அடுத்த மேலச்சேரியை அவ்வழிபாட்டின் மூலத்தலமாகக் கொள்ளும் மரபு இங்கே உண்டு. கூத்திலும் தீமிதியிலும் பாரதத்தை வருஷா வருஷம் தன் உடம்பால் வாழ்கிற சனம், குன்றுக்கு அரசனின் பெயரை வைக்காமல், நாடு பறிபோய்க் காட்டில் அலைந்தவர்களின் பெயரை வைத்திருக்கிறது. கல்வெட்டு மலையைச் செய்வித்தவனுக்கு எழுதிக் கொடுக்கிறது. மக்கள் அதை நடந்து வந்து ஒண்டியவர்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மூன்றாவதாக வருகிற பயண எழுத்தாளர், பார்த்தவனுக்கு எழுதிக் கொள்கிறார். மூன்றும் உரிமை கோரல்கள். மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.

பயணத்தைத் தமிழ் வேறு எப்படியெல்லாம் எழுதியிருக்கிறது என்று கேட்டால் விடை இதே வட்டாரத்தில் கிடைக்கிறது. செஞ்சிக்குக் கிழக்கே திண்டிவனம். அதன் பகுதியான கிடங்கில் சிறுபாணாற்றுப்படையின் தலைவன் நல்லியக்கோடனுடையது. மேற்கே, திருவண்ணாமலையைத் தாண்டினால் செங்கம்; மலைபடுகடாம் பாடும் நன்னனின் செங்கண்மா அதுதான். இரண்டு ஆற்றுப்படைகளுக்கு நடுவே கிடக்கிறது தளவானூர். ஆற்றுப்படையில் பேசுகிறவர் யார்? போகிறவர் அல்ல, போய்விட்டு வந்தவர், வழி சொல்பவர். இந்த இடமாற்றம் சாதாரணமானதல்ல. மலைபடுகடாத்தில் வழி சொல்பவர் பன்றிக்கு வைத்த பொறியைச் சொல்கிறார், பாம்பைச் சொல்கிறார், தினைக் காவலர் எறியும் கவண்கல்லைச் சொல்கிறார், வழுக்கும் பாறையைச் சொல்கிறார். எந்தக் குடியில் என்ன சோறு கிடைக்கும் என்பதைச் சொல்கிறார். வழி பிரியும் இடத்தில் புல்லை முடிந்து வையுங்கள், பின்னால் வருகிற புதியவர்களுக்கு அடையாளமாக இருக்கும் என்றும் சொல்கிறார். 'நான் முதலில் வந்தேன்' என்பதற்கு நேர் எதிரான அறம் இது: எனக்குப் பின்னால் ஆள் வரும்.

இதை வைத்துப் பழம்பெருமை பேச நான் வரவில்லை. ஆற்றுப்படையும் ஒரு அதிகாரப் பிரதிதான். மலை, காடு, வயல் எல்லாவற்றையும் கடந்து வழி கடைசியில் போய்ச் சேர்வது தலைவனின் வாசலுக்கு. வழியில் சோறு போட்ட எயினரும் உழவரும் புரவலனின் புகழுக்குச் சாட்சிகளாக்கப்படுகிறார்கள். ஆனாலும் ஒரு வித்தியாசம் மிச்சமிருக்கிறது. பாணரும் கூத்தரும் பசிக்காக நடந்தவர்கள். முதுகுப்பைப் பயணியோ வறுமையைச் சில வாரத்துக்கு வாடகைக்கு எடுத்துக்கொள்கிறவர். டிக்கெட் அவர் பையில் பத்திரமாக இருக்கும்.

நடப்பது எல்லோருக்கும் ஒரே செயல் அல்ல. கோயிலைச் சுற்றிய தெருவில் நடப்பதற்காகவே 1924இல் வைக்கத்தில் போராட வேண்டியிருந்தது. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி என்கிற சமண ஆசிரியருக்குக் கல்வெட்டு இருக்கிறது. வாகனம் ஏறாமல் நடப்பது அவர்களுக்குத் துறவு. தலையில் கூடையோடு நகரப் பேருந்துக்கு ஓடுகிற பெண்ணுக்கு அது பிழைப்பு. 2021 முதல் அந்தப் பேருந்தில் அவருக்குக் கட்டணம் இல்லை. ஆனால் பயண இலக்கியத்தில் இன்னும் அவருக்கு இடமே இல்லை. அவர் தினம் போகிறவர். தினம் போவதைப் பயணம் என்று நாம் சொல்வதில்லை.

2025 ஜூலையில் 'இந்தியாவின் மராத்திய ராணுவ நிலக்காட்சிகள்' என்ற பெயரில் 12 கோட்டைகள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. அவற்றில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றுதான். சிவாஜி 1677இல் பிடித்து, 1698இல் முகலாயரிடம் போனது வரையிலான இருபத்தோரு வருஷத்தின் பெயர் இப்போது அந்த மலைகள்மேல் எழுதப்பட்டாகிவிட்டது. இனி பேருந்துகள் கூடும், பைகள் கூடும், கட்டுரைகளும் கூடும். எல்லாம் ராஜகிரி ஏறி இறங்கிவிடும். சக்கிலி துர்க்கம் என்று பழைய நூல்கள் குறிப்பிடும் குன்றும் அதே கோட்டைத் தொகுதியில்தான் இருக்கிறது. அந்தப் பெயர் எப்படி வந்தது, யார் அங்கே இருந்தார்கள் என்று எத்தனை பேர் கேட்கப் போகிறோம்?

பயணத்தை நிறுத்தச் சொல்லவில்லை. போங்க, நடங்க, எழுதுங்க. ஆனால் ஒரு பயணப் பிரதியை மதிப்பிட எனக்கு ஒரு அளவுகோல் போதும்: வழி சொன்னவர் அதில் பேசுகிறாரா? அவர் மலைக்கு வைத்திருக்கும் பெயர் அதில் இருக்கிறதா? அவர் கேட்ட 'எதுக்கு வந்தீங்க?' என்கிற கேள்வியும், அதற்கு நாம் சொன்ன பதிலும் அதில் இருக்கிறதா? இருந்தால் அது புல் முடிச்சு. இல்லையென்றால் அதுவும் சத்துருமல்லனின் கல்வெட்டுத்தான். கல்லுக்குப் பதிலாகக் காகிதத்தில்.