கூந்தல் தைல விளம்பரம் – ஒரு திறனாய்வு

நூல்களுக்குத் திறனாய்வு எழுதுகிறோம், நாடகங்களுக்கு எழுதுகிறோம். நூல்களைவிட அதிகம் பேர் படிக்கும் எழுத்து ஒன்று உண்டு. அதை மட்டும் எவரும் ஆராய்வதில்லை. தலைமயிர் வளர்க்கும் தைலத்தின் விளம்பரத்தைத்தான் சொல்கிறேன். இடப்பக்கம் ஒரு வழுக்கைத் தலை. வலப்பக்கம் அதே தலையில் அடர்ந்த கேசம். நடுவே, "தொண்ணூறே நாட்களில் பலன்!" என்ற முழக்கம். கீழே, பயன் கண்டவரின் நன்றிக் கடிதம். வாசகர்களே, இதைச் சற்றுப் பொறுமையாகப் படித்துப் பார்ப்போம்.

முதலில் அந்தத் தொண்ணூறு நாள். நம் தலையில் ஏறத்தாழ 1 லட்சம் மயிர்கள் உள்ளன. ஒவ்வொரு மயிரும் மாதத்திற்குச் சுமார் 1 செ.மீ. வீதம் 2 முதல் 6 ஆண்டுகள் வரை வளரும். பின்னர் இரண்டு மூன்று வாரங்களில் அதன் வேர் சுருங்கும். மூன்று மாதம் போல ஓய்ந்திருந்து விழும். அதே மயிர்க்காலில் புதுமயிர் தோன்றும். இப்படி நாள்தோறும் 50 முதல் 100 மயிர்கள் உதிர்வது இயற்கை. சீப்பில் கண்டதும் கலங்க வேண்டியதில்லை.

டைபாய்டு, டெங்கு போன்ற கடுங்காய்ச்சல், பிரசவம், பெரிய அறுவைச் சிகிச்சை, கடும் பட்டினி ஆகியவற்றுக்குப் பின் ஏராளமான மயிர்க்கால்கள் ஒரே சமயத்தில் ஓய்வுக்குச் சென்றுவிடும். அவை உதிர்வதோ இரண்டு மூன்று மாதம் கழித்து! அதற்குள் காய்ச்சலையே நாம் மறந்திருப்போம். கொத்துக் கொத்தாக மயிர் விழக் கண்டு பதறிப்போய்த் தைலம் வாங்குகிறோம். காய்ச்சல்தான் என்றோ போய்விட்டதே! ஆகவே உதிர்வது தானாகவே நின்று, சில மாதங்களில் மயிர் திரும்பவும் முளைக்கிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். புகழெல்லாம் புட்டிக்கு.

எனவே அந்த நன்றிக் கடிதம் பொய்யாக இருக்க வேண்டும் என்பதில்லை. எழுதியவர் கண்டது உண்மை. அதிலிருந்து பெற்ற முடிவே தவறு. ஒரு கூட்டத்தாருக்குத் தைலமும், மற்றொரு கூட்டத்தாருக்கு மருந்துச் சரக்கு சேராத அதே நிற எண்ணெயும், எது எவருக்கு என்று சொல்லாமல் கொடுத்து ஒப்பிட்டால்தான் உண்மை விளங்கும். விளம்பரத்தில் அந்த இரண்டாவது கூட்டத்தார் எங்கே?

"வேருக்குச் சத்தும் இரத்த ஓட்டமும் தரும்" என்பது அடுத்த வாசகம். இரும்புச்சத்துக் குறைவினால் மயிர் உதிர்வது உண்டு. ஆனால் அது உண்ணும் உணவில் உள்ள குறை. ஆண்களுக்கு வரும் பரம்பரை வழுக்கைக்குக் காரணமோ வேறு. பருவமடையுமுன் விதை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்றும், அவர்களுக்கு ஆண் ஹார்மோனைச் செலுத்தினால் வழுக்கைக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு மட்டும் விழுகிறது என்றும் 1942இல் அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் ஹாமில்டன் காட்டினார். நார்மன் ஓரென்ட்ரைக் என்ற டாக்டர், பின்தலை மயிர்க்கால்களை எடுத்து வழுக்கையில் நட்டதை 1959இல் கட்டுரையாக வெளியிட்டார். அவை அங்கேயும் செழித்து வளர்ந்தன. அதே தோல், அதே இரத்தம்! குற்றம் மண்ணில் இல்லை, விதையில் இருக்கிறது என்பது இதனால் தெளிவாகவில்லையா?

அப்படியானால் மருந்தே இல்லையா? இருக்கிறது, அளவோடு. மினாக்சிடில் இரத்தக் கொதிப்புக்காக வந்த மாத்திரை. உண்டவர்களின் உடலில் மயிர் அடர்வதைக் கண்டு, தலையில் பூசும் நீராக்கினர். அமெரிக்காவில் 1988இல் அதற்கு அனுமதி கிடைத்தது. பினாஸ்டரைடு மாத்திரை, ஆண் ஹார்மோன் வீரியம் மிக்க மற்றொரு வடிவமாக மாறுவதைத் தடுக்கிறது. 1997 முதல் வழுக்கைக்கு வழங்கப்படுகிறது. சில ஆண்களுக்கு இது பாலுணர்ச்சியைக் குறைக்கக் கூடும். கர்ப்பிணிகள் இதன் உடைந்த மாத்திரையைத் தொடவும் கூடாது. எனவே டாக்டரைக் கேளாமல் உண்பதற்கில்லை. இரண்டுக்கும் பலன் தெரிய நாலைந்து மாதமாவது ஆகும். நிறுத்தினால் வந்தது போய்விடும். பளபளத்துப்போன பழைய வழுக்கையில் இவை காடு வளர்ப்பதில்லை. இருப்பதைக் காப்பதும், மெலிந்ததைச் சற்றுத் தடிக்கச் செய்வதுமே இவற்றின் வேலை. இருபத்திரண்டு வயது வாலிபன் மூன்று ஆண்டுகளைத் தைலத்தில் கழித்தால், அதற்குள் சுருங்கிவிட்ட மயிர்க்கால்களை முழுமையாக மீட்பது கடினம். புட்டியின் மெய்யான விலை அதுதான். குழந்தையின் தலையில் செதிலோடு வட்டமாக மயிர் உதிர்ந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். அதற்கு உள்ளுக்கு மருந்து வேண்டும். அங்கேயும் எண்ணெய் தடவிக் காத்திருப்பது இன்னும் மோசம்.

தேங்காய் எண்ணெயை நான் பழிக்கவில்லை. அது மயிரிழையிலுள்ள புரதம் கழுவும்போது வீணாவதைக் குறைக்கிறது என்று 2003இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் இழை என்பது தோலுக்கு வெளியே உள்ள உயிரற்ற பொருள். அதைப் பேணுவது வேறு, வேரை முளைக்கச் செய்வது வேறு.

சட்டம் சும்மா இருக்கிறதா? 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் 'ஜே' அட்டவணை, குணப்படுத்துவதாக எந்த மருந்தும் உரிமை கொண்டாடக் கூடாத நோய்களைப் பட்டியலிடுகிறது. வழுக்கை அதில் இருக்கிறது. புதுமயிர் வளர்ப்பதும் இருக்கிறது. விளம்பரம் எழுதுவோர் இதை அறியாதவர் அல்லர். "வளரச் செய்யும்" என்று அவர்கள் எழுதுவது குறைவு. "வளரத் துணைபுரியும்" என்பார்கள். "மருந்து" என்னாமல் "போஷாக்கு" என்பார்கள். அடுத்த விளம்பரத்தில் இச்சொற்களைத் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் மிகச் சிறிய எழுத்தில் இருக்கும்.